குளிர் நாளின் மிச்சச் சாப்பாடு: சூடாக்குவதா, கொதிக்க விடுவதா, வறுப்பதா, புதிதாகச் சமைப்பதா?

குளிர் கடுமையாக இருக்கும் நாளில் ஃபிரிட்ஜைத் திறந்தால் நாலைந்து சின்னக் கிண்ணங்கள் கண்ணில் படும். ஒன்றில் நேற்றைய சோறு, ஒன்றில் கெட்டிப்பட்டுப்போன பருப்பு, இன்னொன்றில் வேகவைத்த காய், ஓரத்தில் இரண்டு துண்டு கறி. எதுவும் தனியாக ஒருவருக்குக்கூட முழுச் சாப்பாடு ஆகாது. தூக்கிப் போடவும் மனசு வராது. வெளியே போய் ஏதாவது வாங்கி வரலாம் என்றால் உடம்பு இடம் கொடுக்காது. இந்த நிலையில் நாலு வழி இருக்கிறது. இருப்பதை அப்படியே சூடாக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க விடலாம். வாணலியில் வறுக்கலாம். அல்லது மிச்சத்தை ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு எளிமையாக ஏதாவது புதிதாகச் சமைக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் நாளில், வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால், பாத்திரத்தில் கொதிக்க விடுவதுதான் பெரும்பாலும் சரியான வழி. சுவை அதற்கு ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், அந்த அரை மணி நேரம் வீட்டிலிருக்கிறவர்களை அடுப்பங்கரைப் பக்கம் இழுத்து வைக்கிறது. எங்கள் குடும்பத்தின் பழைய கதைகளில் பாதியை நான் சாப்பாட்டு மேசையில் கேட்டதில்லை. பாத்திரம் கொதிக்கும்வரை கையைச் சூடு காட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்டேன். ஆனால் எல்லா மிச்சமும் பாத்திரத்துக்குப் போகத் தக்கதல்ல. தனியாக இருப்பவருக்கும் உடம்பு சரியில்லாதவருக்கும் கணக்கு வேறு. அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துவிடலாம்.

எந்த வழி என்று யோசிக்கும் முன், கையில் இருப்பது சாப்பிடத் தக்கதா என்று பார்க்க வேண்டும். குளிர் நாளில் இதில் ஒரு பொறி இருக்கிறது. "குளிர்தானே, அடுப்பு மேலேயே இருக்கட்டும், கெட்டுப் போகாது" என்று நினைத்து ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை வெளியே விட்டுவிடுவார்கள். சன்னல் சாத்திய அறையில், ஹீட்டரும் ஓடினால், வெப்பம் 18, 20 டிகிரியில் நிற்கும். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், 5 டிகிரிக்குக் கீழே குளிர வையுங்கள், திரும்பச் சூடாக்கும்போது உள்ளே வரை நன்றாகச் சூடேற்றுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது கோடைக்கு மட்டும் அல்ல, எல்லாப் பருவத்துக்கும்தான்.

பெரிய பாத்திரம் நிறையக் கெட்டியான கறியோ பருப்போ இருந்தால் இன்னும் கவனம் தேவை. மேலே தொட்டால் ஆறியிருக்கும். நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 45 டிகிரி வாக்கில் உள்ள அந்த வெதுவெதுப்புதான் மிகவும் பிடிக்கும். அந்தச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வேகம் அதற்கு உண்டு. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்துப் போட்டு வைத்தால் சீக்கிரம் ஆறும்.

சோற்றுக்குத் தனி எச்சரிக்கை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை வேகவைப்பதில் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. "நல்லா கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்" என்ற நம்பிக்கை இங்கே உதவாது. ஆகவே சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் போட்டு, ஒரு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மற்ற சமைத்த உணவுகளுக்கு ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் வரை கொடுக்கலாம். முந்தாநாள் ராத்திரி வெளியே கிடந்த சோற்றுக்கு இந்த நாலு வழியும் கிடையாது, அதைக் கொட்டிவிட வேண்டும். அதில் எனக்கு மனக்கஷ்டம் உண்டு, தயக்கம் இல்லை.

சரி, இனி வழிகள்.

அப்படியே சூடாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருப்பவருக்கு, நேரம் இல்லாதவருக்கு, மிச்சமே ஒரு முழுமையான சாப்பாடாக இருக்கும்போது இதுதான் சரி. சோற்றின் விறைப்புக்கு மட்டும் மருந்து தெரிந்திருக்க வேண்டும். சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி நெருக்கமாக அடுக்கிக்கொண்டு ஈரத்தை வெளியே தள்ளுகிறது. ஃபிரிட்ஜின் குளிர் அதற்கு மிகவும் தோதானது. ஃபிரிட்ஜில் வைத்த பிரெட், வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் வறட்டுத்தனமாக ஆவதும் இதனால்தான். அந்த அடுக்கில் பெரும்பகுதி 60 டிகிரி வாக்கில் குலைந்துவிடும். எனவே ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, நீராவியிலேயே சூடாக்கினால் சோறு திரும்ப மெத்தென்று வரும். மைக்ரோவேவ் என்றால் நடுவில் குழி விட்டு ஓரமாகப் பரப்பி, பாதியில் ஒருமுறை கிளறி, முடிந்தபின் இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஓரம் கொதிக்கும், நடுவில் ஜில்லென்று இருக்கும்.

இந்த வழியின் குறை குளிர் நாளில்தான் தெரியும். தட்டில் பரப்பிய சோறு சீக்கிரமே ஆறிவிடுகிறது. கடைசி வாய் எப்போதும் சில்லென்று இருக்கும். கறிக்கு இன்னொரு பிரச்சினை. சமைத்த இறைச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஒருவிதப் பழைய வாடை வரும். இறைச்சியிலுள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதால் வருவது அது, இறைச்சியிலுள்ள இரும்பு அதை வேகப்படுத்துகிறது. வறண்ட துண்டாக வைத்தால் வாடை அதிகம். குழம்பில் முழுகிக் கிடந்தால் காற்று படாததால் குறைவு. வறண்ட கறித் துண்டை அப்படியே சூடாக்குவதைவிட வேறு எதிலாவது சேர்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பாத்திரத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் சூட்டைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரப் பொருள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். எண்ணெய்க்கு அதில் பாதிதான். அவ்வளவு வாங்கியதை அது மெதுவாகத்தான் திருப்பிக் கொடுக்கும். அதிலும் பருப்பும் சோறும் கரைந்து கெட்டிப்பட்ட சூப்பில் திரவம் மேலும் கீழும் சுழல முடியாததால், தெளிவான சூப்பைவிட அதிக நேரம் சூடு நிற்கும். ஆழமான கிண்ணத்தில் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டால் விரலிலிருந்து வயிறு வரை போகும். அதைத் தட்டுச் சோறு செய்யாது.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் நல்ல சூப் வந்துவிடாது. கலங்கலான, எந்த ருசியும் முன்னால் நிற்காத ஒன்றுதான் வரும். கொதிக்கும் தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியைத் தாண்டாது. வறுபட்ட வாசனையும் பழுப்பு நிறமும் வேகமாக வருவதற்கு 140 டிகிரி வாக்கில் வேண்டும். எனவே முதலில் கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், பூண்டைப் பொறுமையாகப் பொன்னிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் மிச்சம் மிச்சமாகவே ருசிக்கும். அப்புறம் பருப்பு. ஆறிய பருப்பு கல்லாகக் கிடக்கும், பயப்பட வேண்டாம், அதன் மாவு இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு மசித்துக் கொதிக்க விட்டால் இளகிவிடும். சோற்றை அதற்குப் பிறகு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும். வேகவைத்த காய், கீரை, கறித் துண்டு எல்லாம் கடைசியில். ஏற்கெனவே வெந்தவை அவை, முழுச் சூடு ஏறினால் போதும். எலுமிச்சையோ தக்காளியோ வேண்டுமானால் அதுவும் கடைசியில். வேகாத பயறு ஏதாவது புதிதாகச் சேர்த்திருந்தால், முதலிலேயே புளிப்புப் பட்டால் அது வேக அடம்பிடிக்கும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மிச்சங்களில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டி உப்பு ஏறும். எனவே அடுப்பை அணைத்தபின் ருசி பார்த்துப் போடுங்கள். அதிகமாகிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுப்பதில்லை, உப்புத் தண்ணீரைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். உப்பில்லாத சோறும் தண்ணீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதே தீர்வு. கூடுதலாக ஒரு ஆள் சாப்பிடலாம்.

எங்கள் பாட்டிக்கு இந்தக் கூடுதல் ஆள் ரொம்ப முக்கியம். அவருடைய பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. "அடுப்புல இருக்கிறது" என்பார், அதுதான் பெயர். வீட்டில் ஆறு பேருக்கு வைத்திருப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், யார் என்று எட்டிப் பார்க்கும் முன்னாலேயே, "இன்னொருத்தர் வந்தா இன்னும் ரெண்டு கரண்டி தண்ணி" என்று சொல்லிக்கொண்டு ஊற்றிவிடுவார். வாணலியில் வறுத்ததை அப்படி நீட்ட முடியாது. சூடாக்கிய தட்டை நீட்ட முடியாது. எதிர்பாராமல் வருகிற ஒருவருக்கும் இடம் வைத்திருப்பது பாத்திரம் மட்டும்தான். குளிர் நாளில் ஒருவரைச் சாப்பிடாமல் அனுப்புவது அவருக்குப் பொறுக்காது.

அவரிடம் ஒரு விதியும் இருந்தது. பாத்திரத்துக்கு ஒரு தலைமை வேண்டும். பருப்பு தலைமை என்றால் மற்றதெல்லாம் துணை. கறிக் குழம்பு தலைமை என்றால் காய்கள் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டு காரமான குழம்புகளை ஒன்றாகச் சேர்க்கவே மாட்டார். மீனைச் சேர்ப்பதென்றால் வேறு எதையும் சேர்க்க மாட்டார். பால் விட்டுச் செய்ததோடு புளிப்பானது சேர்ந்தால் திரிந்துபோகும், அதையும் விட்டுவிடுவார். கசப்பான காய் ஒரு துண்டு விழுந்தாலும் பாத்திரம் முழுக்கக் கசக்கும் என்று தனியாக எடுத்து அவரே தின்றுவிடுவார். இன்று நான் யோசித்துப் பார்க்கும்போது, மிச்சச் சமையலில் இதைவிடத் தெளிவான ஒரு வழிகாட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் நாளைவிட மறுநாள் ருசி கூடுகிற உணவுகள் பலவும் பாத்திரத்துக்கு ஏற்றவையே. எலும்போடு வெந்த இறைச்சியிலுள்ள கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாக மாறித் திரவத்தில் கரைந்திருக்கும். ஆறும்போது அது தளதளவென்று உறையும், திரும்பச் சூடாக்கினால் நாக்கில் ஒட்டுகிற ஒரு வளம் கிடைக்கும். மசாலாவின் மணப்பொருட்கள் பல கொழுப்பில் கரைபவை, அவை ராத்திரி முழுக்கப் பரவிக்கொண்டிருக்கும். அந்தக் குழம்பைத் தட்டில் சூடாக்குவதைவிட ஒரு சூப்பின் அடித்தளமாக வைத்தால் பாதிக் கிண்ணக் குழம்பு நாலு பேருக்கு ருசி கொடுக்கும்.

அப்புறம் வாசனை. குளிர் நாளில் சன்னலெல்லாம் சாத்தியிருக்கும், கண்ணாடியில் நீராவி படியும், வாசனை வெளியே போக வழியில்லாமல் அறை அறையாகப் பரவும். மற்ற புலன்களின் செய்தி பெரும்பாலும் தலாமஸ் என்ற இடைப்பகுதி வழியாகத்தான் மூளையின் மேல்பகுதிக்குப் போகிறது. வாசனை அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளுக்கு நெருக்கமான பாதையில் போகிறது. பொன்னிறமாகும் வெங்காய வாசனை வந்ததும் யாராவது ஒருவர் "ஞாபகமிருக்கா" என்று ஆரம்பிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். மைக்ரோவேவின் மூன்று நிமிடத்தில் அந்தப் பேச்சு ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாத்திரம் அரை மணி நேரம் தருகிறது. இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் மதிப்பெண் கொடுப்பது இந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

வறுப்பதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோறு மட்டும் மிஞ்சியிருந்தால், அதுவும் உதிரி உதிரியாக இருந்தால், பாத்திரத்தைவிட வாணலிதான் அதற்கு நியாயம் செய்யும். ஃபிரிட்ஜில் இருந்த சோற்றின் மேல்பரப்பு உலர்ந்திருக்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. சுடச்சுட வடித்த சோறு வாணலியில் குழைந்து போகும், நேற்றையது துள்ளும். வாணலி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நிறையப் போடக் கூடாது. போட்டால் வாணலியின் சூடு இறங்கி, சோறு வறுபடுவதற்குப் பதிலாகத் தன் ஈரத்திலேயே வேக ஆரம்பிக்கும். போட்டதும் கிளறாமல் ஒரு நிமிடம் விட வேண்டும். அந்தப் பொறுமையில்தான் அடியில் பழுப்பு வரும். முட்டை சேர்ப்பதென்றால் தனியாகப் பொரித்துக் கடைசியில் கலந்தால் ரப்பர் மாதிரி ஆகாது.

வறுப்பது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. வேறு எதையும் அவர் சமைத்ததில்லை. வேண்டுமென்றே அடியில் காந்தல் பிடிக்க விடுவார். அதைச் சுரண்டி எடுக்கும் சத்தம் கேட்டதும் அக்காவும் நானும் தட்டோடு வந்து நிற்போம். தட்டுகளை எடுத்து வைத்தவருக்குப் பெரிய துண்டு என்பது அவர் வைத்த சட்டம். அதனால் எங்கள் வீட்டில் தட்டு எடுத்து வைக்கச் சொல்லி யாரையும் கூப்பிட வேண்டியிருந்ததில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர்கள் நேற்றைய சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்றால், வறுப்பதுதான் வெற்றி பெறும். மொறுமொறுப்பு இருந்தால் நேற்றையது என்பதை மறந்துவிடுவார்கள்.

அப்படியிருந்தும் குளிர் நாளில் நான் இதை இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். வாணலியிலிருந்து இறக்கியதும் சாப்பிட்டாக வேண்டும், பத்து நிமிடம் போனால் மொறுமொறுப்பும் போச்சு, சூடும் போச்சு. அதைவிடப் பெரிய குறை, வறுக்கிறவர் மற்றவர்களோடு உட்கார முடியாது. இரண்டு இரண்டு பேருக்காக வறுத்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்பா கடைசியில் தனியாகச் சாப்பிட்டதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாணலி இரண்டு பேருக்கு நல்லது, மூன்று பேருக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சமைப்பவருக்கு அநியாயம்.

புதிதாகச் சமைப்பதைச் சோம்பல் இல்லாதவர்களின் வழி என்று நினைக்க வேண்டாம். பல நாட்களில் அது வீண் செலவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில்தான். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 79 கிலோ. உணவகங்களும் கடைகளும்தான் கொட்டுகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பங்கு நம் கிண்ணங்களிலிருந்து போகிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று உள்ளே தள்ளிவிட்டுப் புதிதாக அடுப்பு மூட்டும் ஒவ்வொரு நாளும் அந்தக் கிண்ணம் குப்பைக்குப் பக்கத்தில் வருகிறது. எனவே புதிதாகச் சமைப்பது என்று முடிவெடுத்தால், அதே நேரத்தில் மிச்சத்தை ஃப்ரீசருக்குள் போட்டுவிட வேண்டும். −18 டிகிரியில் கிருமி வளராது. பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாத டப்பா உறைந்தபின் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. சமைத்து மூன்றாம் நாள் ஆன ஒன்றை ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள், சமைத்த அன்றோ மறுநாளோ அனுப்புங்கள்.

இதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நாட்களும் உண்டு. கைக்குழந்தை, கர்ப்பிணி, ரொம்ப வயதானவர், நோயிலிருந்து தேறுகிறவர் ஆகியோருக்குச் சந்தேகமான மிச்சம் வேண்டவே வேண்டாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தொட மாட்டார். ஒரு பிடி அரிசியைப் புதிதாகக் கழுவி, நிறையத் தண்ணீரில் குழைய வைத்து, மிளகு தட்டிப் போட்டுக் கொண்டுவருவார். வீட்டில் மற்றவர்கள் நேற்றையதைச் சாப்பிட, எனக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் புதிதாக வைத்தது வரும். அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பார்த்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கும். இன்னொரு வகை நாளும் உண்டு. இப்போது இல்லாத ஒருவரை நினைத்து, அவர் கைப்பக்குவத்தில் ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு மிச்சம் வைத்துச் சமாளிக்க முடியாது. முதலிலிருந்துதான் செய்ய வேண்டும், நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருப்பது என்ன என்பதை வைத்தும் சீக்கிரம் முடிவெடுக்கலாம். குழைந்த சோறு என்றால் பாத்திரம், உதிரியான சோறு என்றால் வாணலி. பருப்பும் பயறும் எப்போதும் பாத்திரத்துக்கே. வேகவைத்த உருளைக்கிழங்குக்கு வாணலி மிக நன்று, சூப்பில் மசித்துவிட்டாலும் கெட்டித்தன்மை கொடுக்கும். காய்ந்த பிரெட்டை வாட்டி, கிண்ணத்தின் அடியில் வைத்து, மேலே சூப்பை ஊற்றினால் அதற்கு அதைவிட நல்ல முடிவு இல்லை. மீனை அப்படியே இளஞ்சூட்டில், மூடி, தனியாகச் சூடாக்க வேண்டும், கொதிக்க விட்டால் உதிர்ந்து வாடை கிளம்பும். சாஸ் கலந்த பாஸ்தா, நூடுல்ஸ் போன்றவற்றைக் கொதிக்கவிட்டால் கூழாகிவிடும், அவற்றுக்கும் வாணலி. எதைச் செய்தாலும் மிச்சம் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் 74 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பாத்திரத்துக்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மிச்சச் சமையலுக்குக் குறிப்பு கிடையாது. விசேஷச் சமையலை யாராவது எழுதி வைத்திருப்பார்கள், அளவு இருக்கும், நோட்டுப் புத்தகம் கைமாறும். நேற்றைய பருப்பையும் சோற்றையும் வைத்துப் பாட்டி செய்ததை யார் எழுதி வைப்பார்கள்? ஒவ்வொரு நாளும் வேறு மிச்சம், வேறு அளவு. அவர் போனதும் அதுவும் போய்விடும். கூட நின்று பார்த்தவர் கையில்தான் அது மிஞ்சும். எனக்கு அவருடைய விசேஷச் சமையலில் ஒன்றுகூடச் சரியாக வராது. ஆனால் வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கும்போது தண்ணீர் ஊற்றுவார், கரண்டியைத் தூக்கினால் எப்படி விழும்போது "போதும்" என்பார் என்பது கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் நின்றதால் கிடைத்தது.

எனவே பாத்திரம் வைக்கும் நாளில் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். "உதவி செய்" என்று சொல்ல வேண்டாம், கரண்டியைக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லுங்கள். என்ன குறைகிறது என்று கேளுங்கள். உப்பு என்பார்கள், புளிப்பு என்பார்கள், பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். வறுப்பதில் எண்ணெய் தெறிக்கும், அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கும். பாத்திரத்தில் சின்னத் தீ எரியும்போது, ஸ்டூல் போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கிளற விடலாம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் அடுப்பங்கரையில் ஒரு நாற்காலி போடுங்கள். வேலை செய்ய முடியாவிட்டாலும் "இப்ப தண்ணி விடு" என்று சொல்ல முடியும். அந்தக் குரல் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவில் மட்டும் கை அடக்கம் வேண்டும். ஒருமுறை திரும்பச் சூடாக்கிய மிச்சத்தை மறுபடி ஆறவைத்து, மறுபடி சூடாக்குவது வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் உணவு அந்த வெதுவெதுப்பைக் கடந்துதான் போகிறது, ருசியும் மங்குகிறது. ஃபிரிட்ஜில் பெரிய டப்பா பருப்பு இருந்தால், இன்றைக்கு வேண்டியதை மட்டும் சுத்தமான கரண்டியால் எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே வையுங்கள். சோறும் அப்படித்தான். கெட்டியாகவே ஆரம்பித்து, உட்காரும் ஆட்களை எண்ணிப் பார்த்துத் தண்ணீரைக் கடைசியில் கூட்டுங்கள். செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் ரெண்டு கரண்டி.